விரலுக்கேற்ற வீக்கம்

மவுஸைத் தொட்டால் ஒரு நொடி வீண். இந்த அநியாயத்தை ஒழிக்க, மதுரை வடபழஞ்சி ஐ.டி. பார்க்குக்குப் போகும் நம்மூர்த் தம்பி ஒருவர் காலையிலேயே வரிந்து கட்டிக்கொண்டு உட்காருகிறார். புரோகிராம் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-எஸ் என்று அடுத்தடுத்துத் தட்டினால் ஷார்ட்கட் பட்டியல் விரியும். எந்தச் சாவிக்கு எந்த வேலை என்பதை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம். ஜனநாயகம் என்றால் இதுதான். புரோகிராம் எழுதுவதா? அது கிடக்கட்டும், என்ன அவசரம்?

ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரின் பக்தர்கள் 1970-களிலிருந்தே இந்தத் தவத்தில் இருக்கிறார்கள். கன்ட்ரோல் சாவியை அமுக்கி அமுக்கி வரும் சுண்டுவிரல் வலிக்கு 'ஈமேக்ஸ் பிங்கி' என்று பட்டமே உண்டு. விழுப்புண்!

மதுரைக்கும் இப்படி இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும். கோயிலிலிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று எல்லோருக்கும் ஒரே வரிசையில் வீதி வைத்தது பழைய காலத்து டிசைன். என் மாசி வீதியை நான் கோயிலை ஒட்டி வைத்துக்கொள்வேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் எனக்கு மட்டும் மாட்டுத்தாவணி போகட்டும். கண்டக்டர் பழகிக்கொள்வார்.

கன்ட்ரோல்-எஸ் ஊரே புழங்கும் சாவி என்பதால், தம்பி சேமிப்பதற்கு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே வைத்திருந்தார். நேற்று சீனியர் அண்ணனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கை போன போக்கில் அதையே தட்டினார். அங்கே அது வரியை அழிக்கும் சாவி. பத்திரமாக இருக்கட்டுமே என்று நாலைந்து தடவை தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் எந்திரிப்பா" என்றார் அண்ணன். அதற்கு ஷார்ட்கட் தேவைப்படவில்லை.