கேரவனுக்குள் மழை

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன், 1998 மாடல், சல்லிசாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: நம்மூர் கேரவனுக்குள் நடிகர் இருப்பார், அந்த வயசு கேரவனுக்குள் ஈரம் இருக்கும். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். இணைப்புகளில் பூசிய மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை காய்ந்து வெடித்தால் மழை வாடகையில்லாமல் குடியேறிவிடும். ஜன்னலுக்குக் கீழே, மூலைகளில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கடலைமிட்டாய் மாதிரி விறைப்பாக இருந்தால் பேரம் பேசலாம். அல்வா மாதிரி அமுங்கினால் நடையைக் கட்டுங்கள். ஈரமானி 20 சதவீதத்தைத் தாண்டினாலும் அதேதான்.

டயர் நின்ற இடத்திலேயே கிழடாகும், பட்டன் தேயாது. பக்கவாட்டில் 2316 என்றிருந்தால் 2016-இன் 23ஆம் வாரத்துப் பிறவி. கிழடு என்றால், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

விற்பவர் புதுக் கம்பளத்தைப் பெருமையாகக் காட்டினால், முதலில் அதைத் தூக்கிப் பாருங்கள்.