திருடருக்கு ஒரு குறையும் வைக்காதீர்கள்

முதல் வேலை, லேப்டாப் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் நேரே காவல் நிலையம் போங்கள். இருந்தால் உட்காருங்கள், வரப்போகும் திருடரை வரவேற்க ஏற்பாடு செய்வோம்.

வரவேற்றுத்தான் ஆகவேண்டும். லேப்டாப் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஒளித்துவைக்கப் போகிறோம். அது வாய் திறக்க வேண்டுமானால் திருடர் லேப்டாப்பை இயக்கி, உள்ளே நுழைந்து, வைஃபையில் இணைக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டு வாசலிலேயே நிறுத்தினால் மனம் வெறுத்து ஃபார்மேட் செய்துவிடுவார்; ஸ்கிரிப்டும் அதோடு போச்சு. எனவே பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்ட் ஒன்றைத் திறந்துவையுங்கள். தொடக்கத்திலேயே பாஸ்வேர்டு கேட்கும்படி டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தால் விண்டோஸே எழாது, ஸ்கிரிப்ட் எங்கே ஓடுவது? உங்கள் கோப்புகளை மட்டும் தனியாகப் பூட்டிவிட்டு மிச்சத்தை அவருக்கு விடுங்கள். நாலு சினிமாவும் போட்டுவைத்தால் கொஞ்ச நாள் தங்குவார்.

ஸ்கிரிப்ட் எழுதுவது பெரிய வித்தையில்லை. அதைக் குறித்த நேரத்தில் எழுப்ப லினக்ஸில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஐபி முகவரி, அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களின் பட்டியல், கேமராவில் ஒரு படம் ஆகியவற்றை உங்களுக்கு மெயிலில் அனுப்பினால் போதும். ரவுட்டர் பட்டியலை வைத்தே பெரும்பாலும் தெருவரை போய்விடலாம். கோப்புக்கு 'திருடன்பிடி' என்று பெயர் வைக்காதீர்கள். மெயில் பாஸ்வேர்டை அதற்குள்ளேயே எழுதிவைத்தால், லேப்டாப்போடு மெயிலையும் சீதனமாகக் கொடுத்ததாகிவிடும்.

பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்கு 144 படங்கள். திருட்டு நடக்கும்வரை அத்தனையும் உங்கள் முகம்தான்: கொட்டாவி, பல் குத்தல், பனியன். ஆகவே முதலில் உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்து, 'திருட்டு' என்ற குறி இருந்தால் மட்டும் படம் எடுக்கும்படி எழுதுங்கள். மேக்கில் கேமரா ஓடும்போது பச்சை விளக்கு எரியும். 'இது என்னடா' என்று திருடர் குனிந்து பார்ப்பாரே, அதைவிடத் தெளிவான படம் உங்களுக்குக் கிடைக்காது.

ஐபி விஷயத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். லேப்டாப்பையே கேட்டால் அது 192.168.1.5 என்று சொல்லும். அந்த முகவரி கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் டீ கூடக் கிடைக்காது. வெளியே உள்ள ஒரு சர்வரிடம் கேட்டு வாங்கவேண்டும். அந்த எண் யாருடையது என்பதை இணைய நிறுவனம் போலீசிடம்தான் சொல்லும், உங்களிடம் அல்ல. ஒரே ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதும் உண்டு. எனவே போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் தேவை. சர்வர் யூடிசி நேரத்தில் எழுதியிருந்தால் இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்ட மறக்காதீர்கள். மறந்தால் ஏதுமறியாத ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படும்.

இதெல்லாம் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. ஸோஸ் என்ற ஹேக்கரின் மேக் பாஸ்டனில் திருடுபோனது. நெடுநாள் கழித்து அது லாஸ் வேகாஸிலிருந்து இணையத்தில் தலைகாட்டியது. யாரும் அதை ஃபார்மேட் செய்திருக்கவில்லை. உள்ளே நுழைந்து ஆளைக் கண்டுபிடித்த கதையை 2010-இல் அதே லாஸ் வேகாஸில் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டு மேடையில் ஏறிச் சொன்னார். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் ஒருவருக்கு அவரது திருடுபோன மேக்புக் படங்களாக அனுப்பித் தள்ளியது. அவற்றில் ஒன்றில் அதை வைத்திருந்த ஆள் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தார். போலீஸ் அசையவில்லை. படங்களை இணையத்தில் போட்டு ஊரே சிரித்த பிறகுதான் கைது நடந்தது. அதனால் படத்தில் முகம் பளிச்சென்று விழ ஏற்பாடு செய்யுங்கள், செய்திக்காரர்களுக்கும் உதவும்.

ரவுட்டர் பட்டியலை வைத்து வரைபடத்தில் புள்ளி விழுந்ததும் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். புள்ளி மிஞ்சிப்போனால் கட்டடத்தைக் காட்டும், மாடியை அல்ல. நாலு மாடியில் எந்தக் கதவு?

இன்னொன்று. சீரியல் நம்பர் இல்லாமல் புகாரை எழுதுவது கடினம். பெட்டியில் இருக்கும், பில்லில் இருக்கும், லேப்டாப்பின் அடியிலும் இருக்கும். இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாளை லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.