சைக்கிள் அங்கிள்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்போது ஒரு சைக்கிள் அங்கிள் இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில். காலை ஐந்து மணிக்கு ஹெல்மெட்டோடு லிஃப்டிலிருந்து வெளியே வருகிறவர் அவர்தான். கண்ணைக் கூசவைக்கும் கிளிப்பச்சைச் சட்டை. அதன் முதுகுப் பக்கம் மூன்று பாக்கெட். ஒன்றில் செல்போன், ஒன்றில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மூன்றாவதில் மாற்று டியூப். கீழே தொடையைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு டவுசர், உட்காரும் இடத்தில் திண்டு வைத்துத் தைத்தது. லிஃப்டில் கூடவே இறங்கும் பால்காரப் பையன், கீழே வந்து சேரும்வரை மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அங்கிளை உருவாக்குவது ஒரு லேப் ரிப்போர்ட். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழைத் தாண்டியிருக்கும். தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வார் சர்க்கரை டாக்டர். முட்டி தேய்ந்திருக்கிறது, ரொம்ப நடக்காதீர்கள் என்பார் எலும்பு டாக்டர். இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல் இருக்க ஒரே வழி சைக்கிள்தான். உடம்பின் எடையை சீட்டு வாங்கிக்கொள்கிறது. முட்டிக்கு அசைவு மட்டும் மிச்சம். இரண்டாவது மாடிக்குப் படியேறினால் கைப்பிடியைத் தேடுகிற மனுஷன், சைக்கிளில் ஒரு மணி நேரம் போய்விட்டு வருவது இதனால்தான்.

சைக்கிள் அவருக்குப் புதுசா என்ன? குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர். வாடகை சைக்கிளை மணி பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ கம்பெனி, தமிழ்நாட்டு வீடுகளை ஹெர்குலிஸ் வீடு, பிஎஸ்ஏ வீடு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்த காலத்தில், பிளஸ் டூ பாஸ் பண்ணியதற்கு பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் வாங்கியவர். வேலை கிடைத்தது, லோன் போட்டு ஸ்கூட்டர் வந்தது, சைக்கிள் மொட்டை மாடிக்குப் போயிற்று, அங்கிருந்து பழைய இரும்புக்காரரிடம். சைக்கிளை விட்டதுதான் அந்தத் தலைமுறை முன்னேறியதற்கு அத்தாட்சி. இப்போது அதைத் திரும்ப வாங்க அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள்.

கடைக்குப் போய் அங்கிள் கேட்கும் முதல் கேள்வி, “ஹெர்குலிஸ் இருக்கா தம்பி?”

“சாருக்கு என்ன யூஸ்? ஃபிட்னஸா, டூரிங்கா, ரேஸிங்கா?”

சைக்கிளுக்கு இப்படி ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. மாவு மில்லுக்கும் ரேஷன் கடைக்கும் போகத்தான் வீட்டில் சைக்கிள் இருந்தது. தம்பி காட்டும் வண்டியில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்லும் இல்லை. விலை ஏற ஏற சைக்கிளில் சாமான் குறைந்துகொண்டே போகும் என்பது அன்றைக்கு அவருக்குக் கிடைக்கும் முதல் ஞானம். உயர்தரப் பந்தய சைக்கிள்கள் பலவற்றைப் பெடல்கூட இல்லாமல்தான் விற்கிறார்கள். அது தனி பில்.

வீட்டில் சொல்லும் விலை, பில்லில் இருக்கும் விலையில் பாதி. அதற்கே, “இந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டி வருமேங்க, அது தானா ஓடுமே” என்று பதில் வரும். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த அங்கிளும் நேராகப் பதில் சொன்னதில்லை.

ஏறுவது ஒரு தனிக் காட்சி. பழைய பாணியில் இடது காலைப் பெடலில் ஊன்றி, இரண்டு தத்து தத்தி, வலது காலைப் பின்னால் வீச வேண்டும். தத்துவது வரைக்கும் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. கால்தான் சீட்டு உயரத்துக்கு எழும்ப மறுக்கிறது. இரண்டு தடவை வேட்டி தடுக்கியது மாதிரி நின்றுவிட்டு, வண்டியைக் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், திட்டு மேல் ஏறி நின்று உட்காருவார். சீட்டை இறக்கு இறக்கென்று இறக்கியிருப்பார், இரண்டு காலும் தரையில் பட வேண்டுமே. எங்கள் வாட்ச்மேன் இதைத் தினமும் பார்த்துவிட்டு ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்:

“சார், சீட்டு எறக்கமா கீது. முட்டி போயிடும்.”

“காலு எட்டணும்ல?”

“நிக்கும்போது எதுக்கு சார் எட்டணும்? மிதிக்கும்போது கால் நீளணும். பெடலு கீழ போச்சுன்னா குதிகால வச்சிப் பாருங்க, கால் நேரா நிக்கணும். அதான் அளவு.”

இதே அளவைச் சொல்ல, சைக்கிளை மேடையில் மாட்டி, உடம்பில் புள்ளி ஒட்டி, கம்ப்யூட்டரில் கோணம் பார்த்துக் கொடுக்கும் இடங்கள் சென்னையில் உண்டு. கட்டணம் ஆயிரக்கணக்கில். வாட்ச்மேன் சொன்னதை அங்கிள் கேட்டுக்கொண்டார், ஆனால் அங்கே போய் அவர்களும் சொன்ன பிறகுதான் சீட்டை ஏற்றினார். வாட்ச்மேன் மேடவாக்கத்துக்கு அப்பாலிருந்து கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு, செயின்கார்டு கடகடக்கும் பழைய ஹெர்குலிஸில் வருஷக்கணக்காக டூட்டிக்கு வந்துபோகிறார். அவரை யாரும் சைக்ளிஸ்ட் என்று சொன்னதில்லை. போன மாதம் குடியிருப்பில் ‘ஆரோக்கிய வீரர்’ என்று சால்வை போட்டார்கள், அங்கிளுக்கு. நாற்காலி எடுத்துப் போட்டது வாட்ச்மேன்.

அடுத்தது சீட்டு. சைக்கிளில் உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். சீட்டின் அகலம் அவற்றுக்குப் பொருந்தாவிட்டால் எடை நடுவில் இருக்கும் நரம்பில் இறங்கும். நரம்பு மரத்துப்போகும். அங்கிள் உடனே பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு ஜெல் உறை வாங்கி மாட்டுவார். நெடுந்தூரத்துக்கு அது இன்னும் மோசம். மெத்தையில் எலும்பு புதையப் புதைய நடுப்பகுதி மேலே எழும்பி அழுத்தும். மரத்துப்போனது எது என்பதை வீட்டில் சொல்ல முடியாது. டாக்டரிடமும் “கால்ல கொஞ்சம்…” என்றுதான் ஆரம்பிப்பார்.

இந்த நிலையில்தான் குழுவில் ஒரு சீனியர் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், திண்டு வைத்த டவுசரின் ரகசியத்தைக் காதில் ஓதுவார். அதற்குள்ளே வேறு எதையும் போடக் கூடாது. உள்ளாடையின் தையல் உராய்ந்துதான் புண்ணாகிறது. அங்கிள் நம்பாமல் ஒரு வாரம் தவிப்பார். பிறகு நம்புவார். அன்றிலிருந்து டவுசர் மாடிக் கொடியில் காயாது, குளியலறைக்குள்ளேயே காயும்.

குழு என்று சொன்னேன். ஞாயிறு விடியலில் திருவான்மியூரில் கூடி ஈசிஆரில் முட்டுக்காடு வரை, தெம்பு இருந்தால் மாமல்லபுரம் வரை போகும் கூட்டம். அங்கே வயது கிடையாது, சம்பளம் கிடையாது. காற்று மட்டும் உண்டு. எல்லா அங்கிள்களின் அனுபவத்திலும் அது எதிர்க்காற்றுதான். போகும்போது தெற்கிலிருந்து அடித்தது, திரும்பும்போது வடக்கிலிருந்து அடித்தது என்று சத்தியம் பண்ணுவார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போவதுதான் கெட்டிக்காரத்தனம். நகரத்தில் வேறெங்கும் மதிப்பில்லாத அகன்ற உடம்புக்கு இங்கே ஏக மரியாதை. “சார் முன்னாடி போங்க சார்” என்று இளைஞர்கள் விட்டுக்கொடுப்பது தன் வயதுக்காக என்று அங்கிள் நினைத்துக்கொள்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

ஆறு மாதம் ஆனதும் க்ளீட் வரும். ஷூவின் அடியில் ஒரு கொக்கி. அது பெடலில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். இதைப் பழகுகிற எல்லாரும் ஒரு தடவையாவது விழுவார்கள், அதுவும் ஓடும்போது இல்லை, நிற்கும்போது. டைடல் பார்க் சிக்னலில் சிவப்பு விழுகிறது. அங்கிள் அழகாகப் பிரேக் பிடிக்கிறார். வண்டி நிற்கிறது. கால் வரவில்லை. அவசரமே இல்லாமல், முழு மரியாதையோடு, அப்படியே இடது பக்கம் சாய்கிறார். படுத்த பிறகும் இரண்டு காலும் பெடலில்தான். ஷேர் ஆட்டோவிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்து, “பாத்து ஓட்டக் கூடாதா பெரிசு?” என்று தூக்கிவிடுகிறார். முழங்கைச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறியது. ‘பெரிசு’ இன்னும் ஆறவில்லை.

பஞ்சர் இன்னொரு அத்தியாயம். தெருமுனை பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சொல்யூஷன் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. பம்புதான் சேராது. ரோடு பைக்கின் டியூபில் ப்ரெஸ்டா என்று ஒல்லியாக, தலையில் குட்டித் திருகோடு ஒரு வால்வு. பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயும் அதற்கு ஒத்துவராது. சுண்டுவிரல் நுனியளவு ஒரு பித்தளைத் துண்டை அதில் மாட்டினால்தான் காற்று ஏறும். அது எப்போதும் வீட்டு மேஜை டிராயரில் இருக்கும். அந்தக் காலத்தில் லைட் இல்லாமல் டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். இந்த வால்விடம் அவரும் தோற்றிருப்பார்.

நாய்களைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கிள் வேகமாகப் போனதாக அவர் காட்டும் பதிவுகளில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

இத்தனை அவஸ்தைக்கு நடுவில் என்னதான் சுகம் என்று கேட்கலாம். முட்டுக்காடு பாலத்தில் வந்து பாருங்கள். சென்னை தட்டையான ஊர். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள பாலங்கள்தான் உண்டு. மூச்சு இரைக்க, கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசி கியருக்கும் கீழே ஒன்று இருக்கிறதா என்று விரலால் தேடி, ஒரு வழியாக உச்சிக்கு வந்துவிடுகிறார். இடது பக்கம் கடல் வெளுக்கிறது. காயலில் யாரோ வலை வீசுகிறார்கள். இனி மிதிக்க வேண்டாம். பின் சக்கரத்தில் பிரீவீல் ‘டிக்டிக்டிக்’ என்று தானாகப் பேச ஆரம்பிக்கிறது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்புகிறது. காரில் இதே பாலத்தை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறார், பாலம் என்றே தெரிந்ததில்லை. நீலாங்கரையில் மீன் கூடை இறங்கும் வாடை, இட்லிக் கொப்பரையின் ஆவி, மார்கழியானால் கோயில் ஒலிபெருக்கி, இதெல்லாம் ஏசி கண்ணாடிக்கு உள்ளே வந்ததே இல்லை. அங்கிள் வாய்விட்டு ஓர் இளையராஜா பாட்டை முனகுகிறார். சுருதி சேரவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் அறுபதாயிரம். சர்க்கரையெல்லாம் வீட்டில் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கும் அப்படி ஒன்றும் சுத்தமில்லை, திரும்பும் வழியில் நெய் சொட்டும் பொங்கலும் வடையும் இருக்கின்றனவே.

பேச்சுதான் தாங்காது. டால்ஸ்டாய் அறுபதைத் தாண்டிய வயதில், 1895இல், சைக்கிள் கற்றுக்கொண்டார் என்பார். உண்மைதான். ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2017இல் 105 வயதில் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார் என்பார். அதுவும் உண்மை. 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்சவரம்பு என்று விளக்குவார். பிறந்தநாள் வந்தால் குறைகிற கணக்கு அது ஒன்றுதான். அடுத்த வருஷம் ‘பிரெவே’ என்னும் நெடுந்தூர ஓட்டம், 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பார். சைக்கிள் எலும்பின் மேல் பாரம் ஏற்றுவதில்லை, எலும்பு வலுவுக்கு அளவான நடையும் பளுவும் கூடவே வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

பேசாமல் ஓட்டுகிறவர்கள் ஆன்ட்டிகள். எங்கள் பக்கத்து மைதானத்தில் ஒரு பெண்மணி, வயது ஐம்பதுக்கு மேல், வாழ்க்கையில் முதல்முறையாகக் கற்றுக்கொண்டார். பெடல்களைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் உந்தி உந்திச் சமநிலை பழகி, பிறகு பெடலை மாட்டிக்கொண்டார். கற்றுக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. க்ளீட் வாங்கவில்லை. இவருக்கு முன்னோடிகள் உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஊர்க்காரர்களின் கேலியை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், கூட்டிக்கொண்டு போக வீட்டு ஆண்பிள்ளையை எதிர்பார்ப்பதும் அவர்களுக்குத் தேவையில்லாமல் போயின. இந்த ஆன்ட்டியும் இப்போது காய்கறிக்குச் சைக்கிளில் போகிறார். முன்னால் கூடை, பின்னால் கேரியர், ஸ்டாண்டு, பெல், எல்லாம் இருக்கிற வண்டி. அதனால் விலை குறைவு.

வாசகர்களிடம் அங்கிள் சார்பில் ஒரு வேண்டுகோள். காலை வேளையில் ஈசிஆரில் காரோ பைக்கோ ஓட்டிக்கொண்டு போனால், முன்னால் கிளிப்பச்சைச் சட்டை தெரியும். நெருங்கி வந்து ஹார்ன் அடிக்காதீர்கள், தாராளமாக இடம் விட்டுத் தாண்டிப் போங்கள். அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். திரும்பிப் பார்த்தால் சைக்கிளும் சேர்ந்து திரும்பும்.