வில்லோ வைக்கப் போறியாமே!

ஏலே பேராண்டி, லண்டன்ல வீடு வாங்கிட்ட, சந்தோசம். பின்னால இருக்கது முப்பதடித் தோட்டம். அதுல வீப்பிங் வில்லோ வைக்கப் போறியாமே? கேட்டா, கொப்பு தொங்குறது போட்டோவுல அழகா இருக்குங்க. போட்டோவுல எதுடே அழகா இல்ல?

அதை வளக்க ஒரு வித்தையும் வேண்டாம். குச்சியை ஒடிச்சு ஈர மண்ணுல சொருகு, வேர் விட்டுரும். நீ அதுக்குப் போயி பவுண்டை எண்ணிக் குடுக்க நிக்க.

அது கெடக்கட்டும். ஒன் காலுக்குக் கீழ என்ன மண்ணுன்னு குனிஞ்சு பாத்தியா? அங்க நெறைய இடத்துல களிமண்ணுல்லா! நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரி, நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். கோடையில கரிசல் வெடிப்புல கம்பை விட்டா பாதி உள்ள போயிரும். அப்படி மண்ணு மேலதான் ஒன் வீட்டு அஸ்திவாரம் உக்காந்திருக்கு. வில்லோவோ மொடாக்குடியன். வேர் அடியில போயி உறிஞ்ச, மண்ணு சுருங்க, வீடு ஒருபக்கமா இறங்கும். சன்னல் மூலையில கோணலா ஒரு கீறல் விழும். 1976-ல மழை பொய்ச்சப்ப அங்க எத்தனையோ வீட்டுல இந்தக் கததான். வில்லோவுக்கும் வீட்டுக்கும் 40 மீட்டர் இடைவெளி வேணும்ங்கான் இன்சூரன்ஸ்காரன். அம்புட்டு தூரம் தள்ளி வச்சா ஒன் மரம் எங்க நிக்கும்? பின்தெருக்காரன் அடுப்பங்கரையில.

பெறகு வெட்டிக்கிடலாம்ங்கியா? அதுவும் வம்பு. குடிச்ச மரம் போயிட்டா மண்ணு திரும்ப உப்பும், இறங்குன வீடு எழும்பும். கவுன்சில் காப்பு உத்தரவு போட்ட மரம்னா ஒரு கொப்பை வெட்டவும் மனு எழுதணும்.

விக்டோரியா ராணி காலத்து வீடுன்னு பீத்துனியே, சாக்கடைக் குழாயும் அந்தக் காலத்து மண்குழாயா இருக்கப் போகுது. நல்ல குழாயை வேர் ஒண்ணும் செய்யாது. மூட்டுல கசிவு இருந்தா மட்டும் மோப்பம் புடிச்சு நுழைஞ்சிரும். ஒருநா காலையில கக்கூஸ்ல தண்ணி இறங்காது. அப்ப எனக்குப் போன் போடாத.

ஆசை விடலைன்னா கில்மார்னாக் வில்லோன்னு கேட்டு வாங்கு. ஒட்டுச்செடி. ஆளுயரத்துக்குள்ள நின்னுக்கிடும், கொப்பும் தொங்கும். இலை வரதுக்கு முன்னாலயே வெள்ளி வெள்ளியாப் பூக்கும். ஒட்டுக்குக் கீழ தளிர் விட்டா கிள்ளி எறி. பெரிய தொட்டியில வையி, வெயில் காலத்துல காயவிடாத. போட்டோ எடுக்கும்போது மட்டும் பக்கத்துல நிக்காதடே, தரையில உக்காந்துக்கோ. பெரிய மரம்னு நம்பிருவான்.