சாவியை ஏன்டா ஆத்துல போட்ட?

திண்டுக்கல்லில் ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும். வேலையை விட்டுவிட்டு முதுகில் மூட்டையோடு ஆறு மாதம் உலகம் சுற்றக் கிளம்பும். "ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து போறோம்பா" என்று வீட்டில் சொல்லியிருக்கும். வியட்நாமிலிருந்து வரும் படத்தில் ஆறு பேர் இருப்பார்கள், இஸ்தான்புல் படத்தில் நாலு பேர், ஜெர்மனிக்குப் போய்ச் சேரும்போது இரண்டே பேர். அப்பா பின்னால் தெரியும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா தலையை எண்ணிவிடுவாள். எண்ணிவிட்டும் வாயைத் திறக்காமல், மகனுக்குச் சீக்கிரம் கல்யாணம் கூடவேண்டும் என்று தாடிக்கொம்பு பெருமாள் கோயில் ரதி மன்மதனுக்கு வியாழக்கிழமை அர்ச்சனையைத் தொடருவாள்.

நிலா வெளிச்சத்தில் காதல் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்தான்புல்லில் பையனுக்கு வயிறு கெட்டுவிட்டது. கூட வந்தவர்களில் ஒரு பெண், விடுதி கெட்டிலில் சோற்றைக் குழைய வேகவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியில் கடைசி இரண்டு ஸ்பூனையும் அவன் தட்டில் கொட்டினாள். வெளிநாட்டில் பருப்புப் பொடி தீர்ந்துபோன நிலைமையை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று தெரியும். ரயிலுக்கு எவ்வளவு முன்னால் போய் நிற்பது, குறட்டை யாருடையது, கணக்குத் தீர்ப்பது எப்படி என்பதெல்லாம் பத்துப் பொருத்தத்தில் வராத சங்கதிகள். அதையெல்லாம் வழியிலேயே பார்த்து முடித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் கொலோன் நகரத்து ரயில் பாலம். காதலர்கள் கம்பி வலையில் பூட்டை மாட்டி, சாவியை ரைன் ஆற்றில் எறியும் இடம். பாரிஸில் இப்படி மாட்டி மாட்டி, 2014-ல் ஒரு பாலத்தின் கைப்பிடித் தடுப்பே சரிந்தது. மறுவருஷம் எல்லாப் பூட்டையும் கழற்றிவிட்டார்கள். கொலோனில் இன்னும் தொங்குகின்றன. அங்கே தாங்களும் ஒரு பூட்டை மாட்டிச் சாவியை எறிந்த படத்தை அனுப்பித்தான் வீட்டில் சேதி சொன்னான் பையன். அப்பா பூட்டுப் பட்டறைக்காரர் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது போலிருக்கிறது.

"என்னடா பூட்டு இது? ரெண்டு தட்டுத் தட்டுனா வாயைப் பொளந்துரும். நம்ம ஊருப் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே குடுத்துட்டான். ஒரு மாங்காய்ப் பூட்டு கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? சரி, சாவியை ஏன்டா ஆத்துல போட்ட?"

"அப்பா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

"அது தெரியுதுடா. சாவியக் கேட்டேன்."

அம்மா போனை வாங்கினாள். "பொண்ணு எந்த ஊரு?" இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கும், நம் பக்கத்தில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதற்குப் பதில் வேறு மாதிரி வந்திருந்தால் இது சிரிக்கிற கதையாக இருந்திருக்காது.

"வத்தலக்குண்டும்மா."

அத்தனை தேசம் தாண்டிப் போய், பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் எட்டுகிற ஊரிலிருந்து பெண் பிடித்திருக்கிறான்! அரை மணி நேரத்தில் சின்னாளபட்டி அத்தை வழியாக உறவுமுறை கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பெண்ணின் அப்பா 'மாமா' ஆகிவிட்டார்.

ஜோடிக்கு வேறு யோசனை இருந்தது. ஜார்ஜியாவின் திபிலீசியில் பாஸ்போர்ட்டும் இரண்டு சாட்சியும் இருந்தால் அன்றைக்கே பதிவு செய்துவிடலாம். நம் சிறப்புத் திருமணச் சட்டம் போல முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

"ரெண்டு சாட்சியா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொய் எழுதவே நாலு பேரு வேணும்டா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மண்டபம் பிடித்தாயிற்று. நிலக்கோட்டையில் மாலைக்குச் சொல்லியாயிற்று. மறுநாள் பிரியாணி சீரகசம்பாவிலா பாஸ்மதியிலா என்று இரண்டு சித்தப்பாக்களுக்குள் பேச்சுவார்த்தை அறுந்து, மறுபடி ஒட்டியது. திபிலீசியில் மலையேறிக்கொண்டிருந்தவனுக்குப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. தாத்தாக்கள், பெரியப்பாக்கள், தாய்மாமன்கள் எல்லாரையும் தாண்டி, கீழே ஒரு மூலையில் இவர்கள் பெயர். கூடவே அப்பாவின் குரல் பதிவு:

"எழுத்துப்பிழை மட்டும் பாரு. மத்ததெல்லாம் நாங்க முடிவு பண்ணிட்டோம்."