இருபத்தைந்து ஆண்டு விருந்தாளி

விடுமுறை உறுப்பினர் என்பவர் நகரத்து நடுத்தர வர்க்கத்தில் பரவலாகக் காணப்படும் ஓர் இனம். வயது முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில். மாதச் சம்பளம், வீட்டுக் கடன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் ஆகியவை பொது அடையாளங்கள். மிக்ஸி வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் இவர், நான்கு லட்ச ரூபாய் டைம்ஷேர் ஒப்பந்தத்தில் இரண்டே மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பதுதான் இந்த இனத்தைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது.

இவர் வாங்குவது நிலமோ வீடோ அல்ல. ஆண்டுக்கு ஏழு இரவு வீதம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, ஒரு நிறுவனத்தின் ரிசார்ட்களில் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எதுவும் இதற்குக் கிடையாது. ஒரே அறையை ஐம்பத்திரண்டு வாரங்களாக நறுக்கி விற்கும் இந்த ஏற்பாடு 1960களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் உருவானது. 1974இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் தொடங்கிய ஆர்.சி.ஐ., ஒருவருடைய வாரத்தை வேறோர் ஊரில் இன்னொருவருடைய வாரத்தோடு மாற்றிக்கொள்ள வழி செய்தது. தமிழ்நாட்டில் 1986இல் சென்னையில் பிறந்த ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலைக் காட்டி இதை அறிமுகம் செய்தது. 1996இல் மகிந்திரா ஹாலிடேஸ் வந்தது. அதன் கிளப் மகிந்திரா மூணாறில் கணக்கைத் தொடங்கியது. தொடக்கக் காலத் திட்டங்களில் 99 ஆண்டுக்கானவையும் உண்டு. தான் போக முடியாவிட்டாலும் பேரன் போவான் என்று அவற்றை வாங்கியவர்கள் இருந்தார்கள்.

உறுப்பினர் தானாகப் பிறப்பதில்லை, பிடிக்கப்படுகிறார். மால் வாசலில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்ட கூப்பனை அவர் மறந்துபோன ஒரு நாளில் அழைப்பு வரும். “சார், லக்கி டிராவுல உங்க நம்பர் செலக்ட் ஆயிருக்கு. மூணு நாள் ரெண்டு நைட் ஸ்டே ஃப்ரீ. மேடத்தோட வந்து வவுச்சர் வாங்கிக்கிட்டாப் போதும்.” மேடம் கட்டாயம் வர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் தொழிலின் நுட்பமே இருக்கிறது. எதையாவது விற்க வருகிறவரிடம் தமிழ்க் கணவன் வழக்கமாகச் சொல்லும் பதில், “வீட்ல கேட்டுச் சொல்றேன்.” வீட்டையே கூட்டிவரச் சொல்லிவிட்டால் அந்த ஒரே கேடயமும் போயிற்று.

நட்சத்திர ஹோட்டல் கூடத்தில் ஏசி, காபி, சமோசா, பிள்ளைகளுக்கு விளையாட ஒரு மூலை. கோட் அணிந்த இளைஞர் கேட்கிறார்: “வருஷத்துக்கு எத்தனை தடவை டூர் போவீங்க சார்?” உண்மையான பதில்: திருப்பதி ஒரு தடவை, குலதெய்வம் கோவிலுக்கு ஒரு தடவை, இரண்டிலும் தங்கல் செலவு சொற்பம். ஆனால் வாயிலிருந்து வருவது, “ரெண்டு மூணு தடவை.” ரூமுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்றால், மாமா வீட்டில் தங்கியதை மறைத்து, “ஒரு அஞ்சாயிரம்” என்கிறார். இளைஞர் அதை ஏழால் பெருக்கி, ஆண்டுக்கு எட்டு சதவீத விலையேற்றம் சேர்த்து, இருபத்தைந்து ஆண்டுக்குக் கூட்டிக் காட்டுகிறார். இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டுகிறது. தான் செலவழிக்கவே போகாத அந்தப் பணம் முழுவதும் மிச்சமாகப் போகிறது என்று உறுப்பினர் நெகிழ்ந்துபோகிறார். “வீட்டுக்குப் போய் யோசிப்போம்ங்க” என்று மனைவி மெல்லச் சொல்லும்போது மேனேஜர் வந்து, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்கிறார். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர் முன்னால் “பணமில்லை” என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கியவர்களே இதில் அதிகம் என்று தோன்றுகிறது.

கையெழுத்திட்ட மாலையில் இதற்குப் பெயர் ‘முதலீடு’. மூன்றாம் ஆண்டில் அதுவே ‘அனுபவம்’ ஆகிவிடும். அனுபவத்துக்கு யாரும் வட்டி கேட்க முடியாதல்லவா?

அடுத்த கட்டம் நிறங்களைப் பற்றியது. ஒரு பெரிய திட்டத்தில் ஆண்டின் வாரங்கள் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிந்திருக்கும். ஊதா வாங்கியவர் எந்த நிறத்திலும் போகலாம். நீலம் வாங்கியவர் மேலே ஏற முடியாது. விலை குறைவு என்று நீலம் வாங்கியவருக்கு, கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸும் தனக்கில்லை என்பது முதல் முன்பதிவின்போதுதான் புலப்படும். அவருக்கு மூணாறு கிடைப்பது மழை கொட்டும் நாட்களில்; பிள்ளைக்கோ அப்போது மாதத் தேர்வு. ஊதாக்காரர் நிலையும் பெரிதாக மேல் இல்லை. மே மாதத்து ஊட்டியை அவரைப் போலவே எல்லா ஊதாக்காரர்களும் கேட்பார்கள்.

ஒருவழியாக அறை கிடைத்துவிட்டால் உறுப்பினர் எளிதில் அடையாளம் தெரிவார். ரூம் ‘ஃப்ரீ’ என்று சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். ரெஸ்டாரண்ட் காபியின் விலையைப் பார்த்தபின் அறைக்குத் திரும்பி, கூடவே கொண்டுவந்த எலெக்ட்ரிக் குக்கரில் சோறு வைத்து, புளிக்காய்ச்சல் கலந்து, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சாப்பிடுவார். உண்மையில் அது நல்ல சாப்பாடு.

இருபத்தைந்து ஆண்டு என்று கேட்கும்போது நீளமாகத் தெரிகிறது. இரண்டு பிள்ளைகளின் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் சேர்ந்து நான்கு ஆண்டுகளை விழுங்கும். நீட் பயிற்சி, கொழுந்தியாள் கல்யாணம், அப்பாவின் கண் ஆபரேஷன் ஆகியவை மேலும் சில. தங்காத இரவுகள் கணக்கில் சேர, கடைசியில் சகலைக்கு அழைப்பு போகும்: “கூர்க்ல மூணு நாள் இருந்துட்டு வாங்க சகலை, ரூம் நம்ம கணக்கு.” சகலை அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து லைக் போடுவதும் உறுப்பினரின் உரிமைகளில் ஒன்று.

இனி அவர் ஒருபோதும் போடாத கணக்கு. உறுப்பினர் தொகை நான்கு லட்சம், ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் போட்டு, இருபத்தைந்து ஆண்டில் அசலும் தீரும்படி எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 34,300 ரூபாய் வரும். ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தால் 54,300. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு ஏறத்தாழ 7,750 ரூபாய். ஆண்டு தவறாமல் ஏழு இரவும் தங்கினால்தான் இந்த விலை. பாதி இரவுகள் வீணானால் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி., இ.எம்.ஐ. வட்டி, சாப்பாடு, பயணம் எதுவும் இதில் இல்லை. அறை விலை ஏறாது என்பதுதான் விற்பவரின் வாதம்; ஆண்டுக் கட்டணம் ஏறும் என்பது ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும். போகாத ஆண்டிலும் அதைக் கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் முன்பதிவு நின்றுவிடும்.

விற்றுவிடலாம் என்று நினைப்பவர் இன்னோர் உண்மையைக் கண்டடைவார். இந்தப் பொருளை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தேடி வந்து வாங்க ஆளில்லை. கொடுத்ததில் சிறு பங்குக்குக் கேட்பார்கள். பெயர் மாற்றத்துக்கும் கட்டணம் உண்டு. ஆகவே இதைச் சொத்துக் கணக்கில் எழுதக்கூடாது.

டைம்ஷேர் பொருந்துகிறவரும் இருக்கிறார், ஆனால் அரிது. பணி ஓய்வு பெற்ற தம்பதி; கடன் இல்லை; ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்ப முடியும்; முன்பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவைப்பார்கள்; உறுப்பினராக இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் எட்டாயிரம் ரூபாய் அறையில் ஒரு வாரம் தங்கியிருப்பார்கள். இவர்களுக்குக் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். இப்படிப்பட்டவர் மால் வாசலில் கூப்பன் எழுதிப் போடுவதில்லை.

கூடத்துக்குப் போக நேர்பவர்கள், தாங்கள் உண்மையில் விடுமுறை எடுக்கும் தேதிக்கு அதே தரத்து அறை வெளியில் என்ன விலை என்று முதல் நாளே பார்த்துக்கொண்டு போகலாம். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்கள், ரத்து செய்யும் அவகாசம் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இன்றே தேடிப் பார்க்கட்டும். பெரும்பாலும் அது பத்து நாள். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.