இலவச நாதம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று விதித்த மகானுபாவர், இலவச ஒலிமாதிரித் தொகுப்பு எதனையும் கணினியில் இறக்கிக் கேட்கும் பாக்கியம் பெறாதவர் என்பது திண்ணம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா சர்வகலாசாலை 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் களஞ்சியத்தில் மெய்யான ரத்தினங்கள் உண்டு, ஆயினும், எம்.பி.3 ஆகச் சுருங்கி மேல் ஸ்தாயி அதிர்வுகளை இழந்துவிட்ட ஓசையை 24 பிட் வேவ் கோப்பாக விரித்து, உன்னதத் தரமென்று நாமகரணம் செய்யும் தர்மப் பிரபுக்களும் உலகில் சஞ்சரிக்கிறார்கள். அன்னார் அருளும் பியானோ, மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும், சத்தம் மட்டும் ஏறி இறங்க, ஒரே பதிவையே சமத்துவ பாவத்துடன் ஒலிக்கும். வயலினோ, நீட்டிய ஸ்வரம் சுழன்று திரும்பும் இடந்தோறும் விக்கல் எடுக்கும். (அவ்விக்கலையே தாளமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் இருக்கக்கூடும்.) அன்பர்களே, பாட்டை விற்கப் புறப்படுமுன் உரிமத்தையும் வாசியுங்கள், வாணிபத்துக்கு ஆகாது என்னும் நிபந்தனையோடு வந்த ஓசைகளும் அக்களஞ்சியத்தில் உண்டு.